எழுபத்தொரு பக்க வாழ்த்துரை

எங்கள் கல்லூரியில் ஒரு காரியம் யாருடைய தயவும் இல்லாமல் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், உடனே அதற்கு ஒரு குழு போட்டுவிடுவார்கள். நான் அந்த வளாகத்தில் பதினாறு வருஷம் புத்தகக் கடை வைத்திருந்தவன். பெயர் அன்வருதீன். லாஸ்பேட்டையில், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கழிவறைக்கும் நடுவே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. பேனா, ரெக்கார்டு நோட்டு, கைடு, ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு விழா எடுப்பார்கள்.

இது 2008இல் நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் கலைவாணி மேடம் புள்ளியியலுக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அவர் நிரந்தர ஆசிரியர் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற ஒப்பந்த விரிவுரையாளர். தமிழ்வழியில் பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகளுக்குப் புள்ளியியல் ஒரு துணைப்பாடம். அதற்கு இருந்த புத்தகமோ ஆங்கிலத்தில், செங்கல் கனத்தில், விலையும் அதற்குத் தகுந்தாற்போல. பாதி வகுப்பு அதை வாங்கவில்லை, வாங்கிய பாதிக்குப் புரியவில்லை.

மேடம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒன்பது பாடங்களையும் தானே தட்டச்சு செய்தார். நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். கணக்குகள் எல்லாம் நம் ஊர்க் கணக்குகள். நோணாங்குப்பம் படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் படகு ஏறினார்கள், பாகூரில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை நெல் என்று போகும். அதை இணையத்தில் போட்டார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.’ ஒரு பிரதியை என்னிடம் தந்தார். கேட்ட பிள்ளைகளுக்கு நான் தாள் செலவுக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. யாரும் யாருக்கும் சால்வை போர்த்தவில்லை. பிள்ளைகள் பாஸ் செய்தார்கள்.

தனக்கொடியும் அந்தப் புத்தகத்துக்கு வந்தவள்தான். பாகூர் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். வகுப்பெல்லாம் முடித்து இரண்டு வருஷமாகிவிட்டது. மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டாள், புள்ளியியலில் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். பட்டத்தைக் காட்டினால் ஆபீசில் உட்கார வைக்கிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த ஏப்ரலோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. அதற்குப் பிறகு பழைய பிள்ளைகளுக்கு அந்தத் தாளில் பரீட்சையே கிடையாது. இந்தத் தடவை தேறினால் பட்டதாரி, இல்லாவிட்டால் மூன்று வருஷம் படித்தது படிக்காதது மாதிரிதான்.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வருவாள். ஒரு பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவாள். வாரம் முழுக்க அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை அடுத்த பாடத்துக்கு வருவாள்.

“மொத்தமா எடுத்துட்டுப் போயேம்மா. எத்தினி தடவ பஸ் ஏறுவ?” என்றேன்.

“வேணாம் பாய். மொத்தமா பாத்தா பயமா இருக்குது. ஒன்னொன்னா குடுங்க.”

நான்கு பாடம் முடித்திருந்தாள். ஐந்தாவதுக்கு வர வேண்டிய வாரத்தில்தான் முதல்வர் அறையிலிருந்து எனக்கு ஆள் வந்தது.

முதல்வர் முனைவர் கிருஷ்ணசாமி மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் தமிழ்த்துறைத் தலைவர் முனைவர் இளஞ்செழியன். முதல்வர் கையில் ஒரு சுற்றறிக்கை. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்ய டில்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. அவர்கள் கேட்கப்போகிற கேள்விகளில் ஒன்று, வளாகப் புத்தகக் கடையோடு கூட்டுச் சேர்ந்து திறந்தநிலைக் கல்வி வளங்களுக்கு என்ன ஆதரவு அளித்தீர்கள் என்பது.

“பாய், உங்க கடையில திறந்தநிலைக் கல்வி வளம் இருக்குதாமே?” என்றார் முதல்வர்.

எனக்கு வியர்த்துவிட்டது. “இல்ல சார். நோட்டு, பேனாதான் சார். எல்லாத்துக்கும் பில் வெச்சிருக்கறேன்.”

பிறகுதான் கலைவாணி மேடத்தின் புத்தகத்தைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. பயந்துகொண்டே எடுத்து வந்து கொடுத்தேன். இளஞ்செழியன் அதை வாங்கி முதல் தாளைப் புரட்டினார், திரும்பவும் அட்டைக்கு வந்தார், மறுபடி புரட்டினார்.

“வாழ்த்துரை எங்க?”

“இல்ல சார்.”

“அணிந்துரை? அருளுரை? நெஞ்சு நிறைந்த நன்றியுரை?”

“நேரா பாடந்தான் சார்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “முதல் பக்கத்துலயே பாடமா!” என்றார் முதல்வர். பிள்ளைகள் ஒரு வருஷமாக இப்படி ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே திட்டம் பிறந்துவிட்டது. பெயர்: ‘திறந்தநிலைக் கல்வி வள - வளாகப் புத்தகக் கடைக் கூட்டாண்மைப் பெருந்திட்டம்.’ ஒருங்கிணைப்பாளர் இளஞ்செழியன். நான் பங்குதாரர்.

பிப்ரவரியில் புரிந்துணர்வு ஒப்பந்த விழா நடந்தது. பதினாலு ஷரத்து. நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அரங்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு மேடையில் நாற்காலி. முதல்வர் பேசினார்.

“இலவசம் என்றால் மாணவர்களுக்கு மதிப்பு தெரிவதில்லை. கேட்டவுடன் கிடைக்கிற கல்வி, கல்வியே அல்ல. நம் காலத்தில் ஒரு புத்தகத்துக்கு எத்தனை நாள் அலைந்தோம்! அந்த அலைச்சலை இந்தத் தலைமுறைக்கும் கொடுக்க வேண்டும் என்பதே இத்திட்டத்தின் நோக்கம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இளஞ்செழியன் எழுந்து, “முகம் இல்லாத நூல் அநாதை. அதற்கு நாம் முகம் கொடுப்போம். நம் அனைவரின் முகத்தையும் கொடுப்போம்!” என்றார். அது அலங்காரப் பேச்சு என்று நினைத்தேன். வேலைத்திட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

சால்வை போர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாக என்னை ‘ஜெராக்ஸ் பாய்’ என்று கூப்பிட்ட கல்லூரி, ஒலிபெருக்கியில் ‘மாண்புமிகு பங்குதாரர்’ என்றது. வீட்டுக்கு வந்து என் மனைவி நஜீமாவிடம் சால்வையைக் காட்டினேன். அவள் ஒப்பந்தத்தைத்தான் எடுத்துப் பார்த்தாள்.

“படிச்சிட்டுத்தான் போட்டீங்களா?”

“மேடையில வெச்சி எப்பிடிப் படிக்கிறது?”

“ஏழாவத படிங்க” என்றாள்.

ஏழாவது ஷரத்து இதுதான்: அதிகாரபூர்வப் பதிப்பு வெளிவரும் வரை, வாழ்த்துரை முதலியன இல்லாத பிரதிகள் புழக்கத்தில் இருத்தலாகாது, இரண்டாம் தரப்பு அவற்றை மாணவர்களிடமிருந்து திரும்பப் பெற்று, டோக்கன் வழங்கி, வாரந்தோறும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டாம் தரப்பு நான்தான். கலைவாணி மேடத்திடமிருந்து குறுந்தகட்டையும் மூலப்பிரதியையும் வாங்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்து முதல்வர் பீரோவில் பூட்டினார்கள். ‘இணையத்தில் இருந்ததை எடுத்துவிட்டேன், இனி கல்லூரி இணையதளத்தில் மட்டுமே வரும்’ என்று அவரிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். கல்லூரி இணையதளத்தைத் திறந்தால் ஒரு மண்வெட்டிக்காரன் படம் மட்டும் வரும். ‘பணி நடைபெறுகிறது’ என்று இரண்டு வருஷமாக அவன் வெட்டிக்கொண்டிருந்தான்.

பத்து நாளில் புதுப் புத்தகம் வந்துவிடும் என்று சொல்லி, நாற்பத்தொரு பிள்ளைகளிடம் பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். தனக்கொடி சனிக்கிழமை வந்தாள். பையிலிருந்து நான்கு பாடத்தையும் எடுத்தாள், கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஓரத்திலெல்லாம் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தாள்.

“பத்து நாள்ல வந்துருமா பாய்?”

“வந்துரும்மா. புதுசா, பைண்டிங் பண்ணி, ஒம்போது பாடமும் ஒன்னா வருது. காலேஜே போடுது. நீ குடுத்துட்டு டோக்கன வாங்கிக்க.”

“நான் எழுதனது எல்லாம் இதுலதான் இருக்குது.”

“புதுசுல எழுதிக்கலாம்” என்றேன்.

கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வாழ்த்துரைகள் வரத் தொடங்கின. தாளாளர் அருளுரை, செயலர் வாழ்த்துரை, பொருளாளர் வாழ்த்துரை, முதல்வர் அணிந்துரை. துணை முதல்வரை விட முடியுமா? அவரைச் சேர்த்தால் பதினேழு துறைத் தலைவர்களை விட முடியுமா? உடற்கல்வி இயக்குநர் ‘வலுவான உடலில் வலுவான சராசரி’ என்று இரண்டு பக்கம் எழுதினார். விடுதிக் காப்பாளர் எழுதினார். தாளாளரின் சம்பந்தி, கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருப்பவர், தனக்குப் புள்ளியியலில் சிறுவயது முதலே நாட்டம் என்று எழுதினார். எல்லாரும் புகைப்படம் இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு படமும் வண்ணத்தில்தான் வர வேண்டும் என்றார்கள்.

வரிசையில்தான் சிக்கல் வந்தது. பணி மூப்புப்படி போடுவது என்று முடிவு. தாவரவியல் தலைவரும் வணிகவியல் தலைவரும் 1983ஆம் வருஷம் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். யார் வாழ்த்துரை முன்னால்? பணிப் பதிவேடுகளைத் தேடி எடுத்தார்கள். ஒருவர் முற்பகலில் சேர்ந்திருந்தார், இன்னொருவர் பிற்பகலில். பிற்பகல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் காலையிலயே வந்துட்டேன்யா. ஹெட் கிளார்க்கு சாப்புடப் போயிட்டான். அவன் சாப்புட்டதுக்கு நான் ஜூனியரா?” என்று சண்டைக்கு நின்றார். அந்தத் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்று முத்தியால்பேட்டையில் இருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடப் போனீர்கள் என்று கேட்டுவர மூன்று பேர் கொண்ட துணைக்குழு போனது. போகவும் வரவும் மூன்று வாரம். பத்து நாள் என்று நான் சொன்னது இப்படியாக ஒரு மாதமாயிற்று.

இன்னொரு வாழ்த்துரை பாரீசிலிருந்து வந்தது. கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளையின் கௌரவத் தலைவர் அங்கே குடியேறிவிட்ட பெரியவர். அவருக்குக் கடிதம் போட, அவரும் பிரெஞ்சில் ஒரு பக்கம் பதில் எழுதிவிட்டார். குழுவில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. இளஞ்செழியன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “என்ன நயம், என்ன நயம்! ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் போடுங்கள்” என்றார். அருளுரைக்கு அடுத்த பக்கத்தில் அப்படியே போட்டார்கள்.

மெய்ப்பு என் கடைக்கு வந்திருந்தபோது சுலோசனா டீச்சர் ரீபில் வாங்க வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“மோன் தியே! யார் பாய் இத இங்க போட்டது? ‘நான் உங்க அறக்கட்டளைய விட்டு வெலகி நாலு வருஷம் ஆவுது. என் பேர எதுக்கும் பயன்படுத்தாதீங்க. இனிமே கடுதாசி போட்டா வக்கீல வெச்சி பேசுவேன்’னு எழுதியிருக்காரு.”

ஓடிப்போய் இளஞ்செழியனிடம் சொன்னேன். அவர், “டில்லிக் குழுவில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், “அப்படியானால் அது வாழ்த்துரைதான்” என்று சொல்லிவிட்டார்.

மார்ச்சில் ஒவ்வொரு சனிக்கிழமையும் தனக்கொடி வந்தாள். கடையில் கூட்டம் இருந்தால் ஓரமாக நிற்பாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி பேனாக்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். மூன்றாவது வாரம் முதல்வரிடமே போனேன். ஒரே ஒரு பிரதி, ஒரே ஒரு பிள்ளைக்கு, பரீட்சை வரைக்கும் பீரோவிலிருந்து தர முடியுமா என்று கேட்டேன்.

“ஒருத்தருக்குக் குடுத்தா அது சலுகை ஆயிடும் பாய். யாருக்குமே குடுக்கலன்னா அது சமத்துவம்” என்றார்.

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஆளுக்குக் கேலி வராது.

அந்த வாரம் கலைவாணி மேடமே கடைக்கு வந்தார். தனக்கொடியைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு ரெக்கார்டு நோட்டில் ஐந்தாவது பாடத்தை ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லி எழுதினார். இரண்டு பக்கம் ஆகியிருக்கும். இளஞ்செழியன் ஸ்கூட்டரை எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“கையெழுத்துப் பிரதியும் பிரதிதானே அம்மா? ஏழாவது ஷரத்து அச்சு, கையெழுத்து என்று பிரித்துச் சொல்லவில்லையே.”

“பாடந்தான் சார் சொல்லிக் குடுக்கறேன். என் புத்தகம் சார் இது.”

“உங்கள் புத்தகமாக இருந்தது. இப்போது நம் புத்தகம். ஏப்ரல் வருகிறது அல்லவா, புதுப்பிக்கும் கோப்பு என் மேசைக்குத்தான் முதலில் வரும்” என்று மிக அன்பாகச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

மேடம் பேனாவை மூடினார். தனக்கொடி அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாமா என்று கேட்கக்கூட இல்லை. “பரவால்ல மேடம், நான் பாத்துக்கறேன்” என்று எழுந்துவிட்டாள். அவளாவது கத்தியிருக்கலாம். நானாவது கத்தியிருக்கலாம். எனக்குக் கடை வேண்டும், மேடத்துக்கு வேலை வேண்டும். எங்கள் பயத்துக்கெல்லாம் சேர்த்து அந்தப் பெண் விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கூட்டம் பக்க எண்ணிக்கை பற்றியது. அச்சகத்துக்கு நூற்று அறுபது பக்கத்துக்குத்தான் ஒப்புதல். அதைக் கூட்ட வேண்டுமானால் மறுபடி நிதிக்குழு, ஆட்சிமன்றக்குழு. எண்ணிப் பார்த்தார்கள். வாழ்த்துரைகள் எழுபத்தொரு பக்கம். ஒப்பந்த விழாப் புகைப்படங்கள் இருபது. தலைப்பு, பொருளடக்கம் மூன்று. எதையாவது குறைத்தாக வேண்டும். அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது.

இளஞ்செழியன்தான் வழி சொன்னார். “வாழ்த்துரையை நீக்கினால் ஒரு மனிதர் புண்படுவார். பாடத்தை நீக்கினால் யார் புண்படுவார்?”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. மிச்சம் இருந்த அறுபத்தாறு பக்கத்தில் முதல் நான்கு பாடம் சரியாக அடங்கியது. ஐந்து முதல் ஒன்பது வரை ‘கல்லூரி இணையதளத்தில் காண்க’ என்று ஒரு வரி போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. ஒருமனதாக நிறைவேறியது. நானும் கையைத் தூக்கினேனா என்று கேட்காதீர்கள்.

பரீட்சை ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி நடந்தது. தனக்கொடி யாரிடமோ கடன் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அன்று காலையும் ஷிப்டுக்குப் போய்விட்டு வந்து எழுதினாள்.

நூல் வெளியீடு ஜூன் ஒன்பதாம் தேதி. சிறப்பு விருந்தினரின் தேதி அதற்கு முன் கிடைக்கவில்லை. டில்லிக் குழுவும் வந்திருந்தது. இளஞ்செழியன் உருகிப் பேசினார். “இந்நூலில் எழுத்துப் பிழை இருக்கலாம், கணக்குப் பிழை இருக்கலாம். ஆனால் விடுபட்ட பெயர் ஒன்றுகூட இல்லை!” அதுவும் முழு உண்மை இல்லை. நூலாசிரியர் என்ற இடத்தில் ‘பதிப்புக்குழு’ என்று இருந்தது. கலைவாணி மேடத்தின் பெயர் கடைசிப் பக்கத்தில், ‘தட்டச்சு உதவி’ என்பதற்குக் கீழே, டீ வாங்கிக் கொடுத்தவர்களுக்கு மேலே இருந்தது. திரும்ப வாங்கிய பழைய பிரதிகளைப் பள்ளமாக இருந்த மேடைக்கு அடியில் போட்டு, மேலே கம்பளம் விரித்திருந்தார்கள். அது எனக்கு விழா முடிந்த பிறகுதான் தெரியும்.

டில்லிக்காரர்கள் திட்டத்தை மிகவும் பாராட்டினார்கள். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. ‘ஒரு மாணவரிடம்கூடப் பணம் பெறாத முன்மாதிரித் திட்டம்’ என்று அறிக்கையில் எழுதினார்கள். உண்மைதான். கொடுத்தால்தானே பணம் வாங்க முடியும்?

பரீட்சை முடிவு அதே வாரம் வந்தது. பாஸ் மார்க்கு நாற்பது. தனக்கொடிக்கு முப்பத்தொன்று. கலைவாணி மேடம் அதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரியில் இல்லை. அவர் கோப்பு எந்த மேசையிலும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை முதல் வாரம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நோட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தனக்கொடி வந்தாள். கூடவே அவளுடைய தங்கை அன்னக்கிளி. அதே பொருளாதாரம், முதல் வருஷம். தனக்கொடி கம்பெனிச் சட்டையில் இருந்தாள். இரண்டு பேர் நகர்ந்ததும் முன்னால் வந்தாள்.

“தங்கச்சிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் புக்கு வேணும் பாய்.”

நான் வெளியீட்டு நூலை எடுத்தேன். கடையில் அது ஐந்நூறு பிரதி இருந்தது, யாரும் தொடவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். முகம் முகமாகப் புரட்டிக்கொண்டே போய், நான்காவது பாடம் முடிகிற இடத்தில் நிறுத்தினாள். தான் திருப்பிக் கொடுத்த நான்கு பாடமும்தான் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூடி என் பக்கமே தள்ளினாள்.

“இது வேணாம். இங்கிலீசு புக்கு இருக்குமே, பெருசா, அத குடுங்க.”

“அது ரொம்ப வெலம்மா. புரியவும் புரியாது. கலைவாணி மேடம் எங்க இருக்காங்கன்னு நான் தேடிப் பாக்கறேன், அந்தப் பழைய பாடத்த வாங்கி ஒம்போதையும் நானே ஜெராக்ஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறேன். காசே வேணாம். சத்தியமா சொல்றேன்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தனக்கொடி பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அன்னக்கிளி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏங்க்கா, பாய்தான் சும்மா தரேங்கறாரு இல்ல?”

“சும்மா குடுத்தா திருப்பிக் கேப்பாங்கடி” என்றாள் தனக்கொடி.